பதிவுக் கவுண்டரில் அமர்ந்திருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு, பெரியம்மா எழுதுவது.

வேலூரில் மருத்துவமனைப் பதிவுக் கவுண்டரில் உனக்கு வேலை கிடைத்ததை உன் அம்மா போனில் சொன்னாள். சிரித்துப் பேசினால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொள் என்று உனக்குப் புத்தி சொல்லி அனுப்பியதாகவும் சொன்னாள். பெண்ணைப் பெற்றவளின் பயம் அது. ஆனாலும் அந்த அறிவுரையை நீ அப்படியே ஏற்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

உன் எதிரே வரிசையில் நிற்பவர்களைப் பார். மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒரு நாளுக்கு மேல் ரயிலில் பயணம் செய்து, காட்பாடியில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் சைகையில் பேசி, லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, பழைய ரிப்போர்ட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நிற்பவர்கள் அவர்களில் பலர். உன் தமிழோ அரைகுறை இந்தியோ புரிவதற்கு முன்பே உன் முகம் அவர்களுக்குப் புரிந்துவிடும். இங்கே சந்தேகம் கேட்கலாமா, கேட்டால் எரிந்து விழுவார்களா என்பதை அதில்தான் தெரிந்துகொள்கிறார்கள். நீ கடுகடுவென்று இருந்தால், சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிக்கொண்டு, வேறு ஏதோ பிரிவுக்குச் சீட்டு வாங்கிப் போய் அலைந்து, மறுபடியும் உன் வரிசைக்கே வந்து நிற்பார்கள்.

புன்னகையின் அருமையை நான் பிசியோதெரபி பிரிவில்தான் கண்டேன். முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து போகும் முகவாதம் வந்தவர்களைக் கண்ணாடி முன் அமர்த்திச் சிரிக்கப் பழக்குவோம். ஒரு கைக்குழந்தைக்காரி, ஒரு பக்க உதடு மட்டும் ஏறுவதைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். பிறகு இரண்டு விரல்களால் தளர்ந்த கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மடியிலிருக்கும் பிள்ளையைப் பார்ப்பாள். வலி இருக்கிறதா என்று கேட்டால், அது பரவாயில்லை, பிள்ளை என் முகத்தையே உற்றுப் பார்க்கிறான் என்பாள்.

காட்பாடிக்கு அருகே கரிகிரியில் இருக்கும் தொழுநோய் மருத்துவமனையைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். அந்நோய் முக நரம்பைத் தாக்கினால் இமை மூடாது; கண்ணைச் சுற்றியுள்ள தசை செயலற்றுப் போவதால், உள்ளம் எவ்வளவு மகிழ்ந்தாலும் கண்கள் வெறித்தபடியே இருக்கும். மெல்லுவதற்கு உதவும் நெற்றிப்பொட்டுத் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. பல்லைக் கடித்தால் கண் மூடும். பார்வையைக் காக்க அது உதவும். ஆனால் கண்ணில் தானாக மலரும் சிரிப்பை அது திருப்பித் தருவதில்லை.

டுஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இல் இதைத்தான் எழுதினார். உதட்டை மேலே இழுக்கும் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்பது அவர் கருத்து. ஆகவே நாள் முழுவதும் பல்லைக் காட்டிக்கொண்டிரு என்று நான் சொல்ல மாட்டேன். அது உனக்கும் களைப்பு, அவர்களுக்கும் ஏமாற்றம். பெயரைக் கேட்பதற்கு முன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து, வந்தவரை ஒரு கணம் நேராகப் பார். பார்த்தால் சிரிப்பு தானாக வரும்.

தவறாக எடுத்துக்கொள்கிறவர் எவரேனும் வந்தால் உடனே முகத்தை மாற்றிக்கொள், மேற்பார்வையாளரைக் கூப்பிடு. அவர் ஒருவருக்காக மற்றவர்களைத் தண்டிக்காதே. இறந்தவரின் கணக்கை முடிக்க வருகிறவர்களிடம் மட்டும் சிரிக்க வேண்டாம். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, காகிதங்களை நீயே எழுந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
பெரியம்மா