எல்ட்ஸ் கோட்டைப் பாதையில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள வழித்துணைகளுக்கு,

உங்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையிலுள்ள மோசல்கெர்ன் ஊரிலிருந்து எல்ட்ஸ் கோட்டைக்கு நானும் அம்மாவும் நடந்து போனோம். திருச்சியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார் அம்மா, வயது 64. நீங்கள் இல்லையென்றால் அன்று பாதி வழியிலேயே நின்றிருப்போம்.

முதல் நன்றி கோப்ளென்ஸில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு. "காரிலே போனா கோட்டையை மட்டும்தான் பார்ப்பியள். மோசல்கெர்னிலே இறங்கி ஓடைக்கரையாலே நடந்து போங்கோ" என்று வழி சொன்னவர் அவர். சொன்னபடியே இருந்தது. ரிங்கல்ஸ்டைன் என்ற பழைய ஆலை வரை நல்ல சாலை. அதற்கப்புறம் காட்டுப்பாதை, ஒரு பக்கம் எல்ட்ஸ்பாக் ஓடை, மறுபக்கம் மலைச்சரிவு. முந்தின நாள் மழையில் உதிர்ந்த இலைகள் ஊறிக் கிடந்தன. ஆலையைத் தாண்டிக் கால்மணி நேரம் நடந்திருப்போம், வேர் தடுக்கி அம்மாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. கைபேசியில் சிக்னல் இல்லை.

அப்போதுதான் நீங்கள் இருவரும் எதிரே வந்தீர்கள். எழுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும், கோட்டையைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தீர்கள். அம்மையாரே, நான் வாய் திறப்பதற்குள் முதுகுப்பையிலிருந்து கிரேப் பேண்டேஜை எடுத்தீர்கள். ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அம்மாவின் காலை மடியில் வைத்துக் கட்டினீர்கள். வயதில் மூத்தவர் தன் காலைத் தொடுவதா என்று அம்மா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நீங்கள் விடவில்லை.

ஐயா, நீங்கள் உங்கள் கைத்தடியைக் கொடுத்தீர்கள். அதில் சின்னச் சின்ன உலோகப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் பெயர். நடந்து போன இடங்களில் வாங்கி ஆணியடித்தவை என்றீர்கள். அப்படிப்பட்ட தடியை யாரென்றே தெரியாதவர் கையில் கொடுத்துவிட்டு, இறங்கி வந்த வழியே எங்களோடு மறுபடி ஏறினீர்கள். வலி தெரியாமலிருக்கக் கதை சொன்னீர்கள்: பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இந்தக் கோட்டைதான் இருந்தது, உங்கள் இளவயதில் அந்த நோட்டைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம் என்று. அதை முடிக்கும்போது பாதை திரும்பியது. மூன்று பக்கமும் ஓடை சுற்றிவர, பாறைமேல் கோபுரம் கோபுரமாகக் கோட்டை நின்றது. அம்மா கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

நுழைவுச்சீட்டுக் கவுண்டரிலிருந்து எழுந்து வந்து நாற்காலி போட்ட பெண்ணுக்கும், அறைக்கு அறை மடக்கு நாற்காலியைத் தானே தூக்கி வந்த வழிகாட்டித் தம்பிக்கும் நன்றி. தம்பி, நீங்கள் சொன்னதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். 1268இல் மூன்று சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டும் கோட்டையை விட்டுப் போகாமல், ஒரே மதிலுக்குள் தனித்தனி வீடுகளாக வாழ்ந்த கதையில்தான் அவர் அசந்துபோனார். "பங்காளிங்க ஒரே முற்றத்துல இத்தனை தலைமுறையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வீரர் மண்டபத்தின் வாசலுக்கு மேலே செதுக்கிய ரோஜாவை நீங்கள் காட்டியதும் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பதற்கான அடையாளம் அது.

எல்ட்ஸ் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. 1157இல் பேரரசர் ஃபிரெடரிக் பார்பரோசாவின் பத்திரத்தில் சாட்சியாக உங்கள் முன்னோர் ஒருவர் பெயர் வருகிறது. இன்றும் கோட்டை உங்களுடையதுதான். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படை ரைன் பகுதிக் கோட்டைகளை அழித்துக்கொண்டு வந்தபோது, அதே படையில் அதிகாரியாக இருந்த உங்கள் வீட்டுப்பிள்ளை ஒருவர் இதைக் காப்பாற்றினார் என்று கேட்டோம். கூரையும் மரச்சட்டங்களும் சுவரோவியங்களும் பழுதாகாமல் பார்ப்பதற்கு எவ்வளவு செலவும் உழைப்பும் வேண்டும்! பூட்டிவைத்திருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. நீங்கள் ஏப்ரல் முதல் நவம்பர் 1 வரை தினமும் கதவைத் திறந்துவைக்கிறீர்கள்.

திரும்பும்போது அம்மா நடக்கவில்லை. கோட்டையிலிருந்து மேலே கார் நிறுத்துமிடத்துக்குப் போகும் சிறு பேருந்தில் ஏறினோம். ஓட்டுநர் இறங்கிவந்து கைபிடித்து ஏற்றினார். மேலே அண்ணா காரோடு நின்றிருந்தார். வேலை முடிந்த கையோடு வந்திருக்கிறார், மனைவி கட்டிக்கொடுத்த இடியப்பத்தோடு. அண்ணா, அக்கா, அந்த சாப்பாட்டை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐயா, நீங்கள் சொன்னபடி கைத்தடியைக் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டோம், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்களே. பிடியில் ஒரு தாளைச் சுற்றி நூலால் கட்டியிருந்தோம். அதில் வட்ட வட்டமாக எழுதியிருப்பது தமிழ், அம்மாவின் கையெழுத்து. "உங்கள் தங்கை நல்லபடியாக ஊர் போய்ச் சேருவாள்" என்று எழுதினார். போய்ச் சேர்ந்துவிட்டார், ஐயா. கால் வலி இல்லை.

அன்புடன்,
அவருடைய மகள்