ஹெலிகாப்டரைத் திருப்பி அழையுங்கள்: ரொறன்ரோ செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ
2019 ஜூலை 4, வியாழக்கிழமை

ரொறன்ரோவின் தொலைக்காட்சி, வானொலி, இணையச் செய்தி ஆசிரியர்களுக்கும், அவர்கள் சொல்வதைச் சுடச்சுடத் தமிழில் தரும் எங்கள் தமிழ் வானொலி, இணையத்தள ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நேற்று நான் இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தேன். மகன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அம்மா, கவாய் வந்திட்டார், ரீவியில காட்டுறாங்கள்" என்றான். எழும்பிப் போய்ப் பார்த்தேன். பியர்சன் விமான நிலையத்தில் இருந்து கருப்பு வாகனங்கள் நகரத்துக்குள் போகின்றன. மேலே ஒரு ஹெலிகாப்டர் அவற்றைத் துரத்துகிறது. எங்கள் ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் நட்சத்திரம் கவாய் லெனார்ட் அந்த வாகனத்துக்குள் இருக்கிறாரா என்பதைப் படத்தில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் நேரடி ஒளிபரப்பு. கடைசியில் யோர்க்வில் பக்கம் ஒரு ஹோட்டல் வாசலில் சனம் கூடி நின்றதையும் காட்டினீர்கள்.

என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒப்பந்தம் முடிந்த வீரர்களோடு அணிகள் பேசும் காலம் ஜூன் 30 மாலை 6 மணிக்குத் தொடங்கியது. பெரிய ஆட்டக்காரர்களான கெவின் டுராண்டும் கைரி இர்விங்கும் புரூக்ளின் அணிக்குப் போவது அன்றைக்கே தெரிந்துவிட்டது. கவாய் மட்டும் இன்னும் சொல்லவில்லை. இங்கேயே இருப்பதா, லாஸ் ஏஞ்சலஸ் அணிகளான லேக்கர்ஸா, கிளிப்பர்ஸா என்று அவர் யோசிக்கிறார். யோசிக்கட்டும். அது அவருடைய வாழ்க்கை. நான் கேட்பது உங்களிடம். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைச் செய்தி என்று சொல்லாதீர்கள்.

நான் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். அங்கே என் பொறுப்பில் இருக்கும் பெரியவர் ஒருவரைப் பற்றித்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன். அவரை ஐயா என்றே இங்கே சொல்கிறேன். ஜமேக்காவில் இருந்து இளம் வயதில் வந்தவர். பாரிசவாதம் வந்து இடது கையும் இடது காலும் வழங்காது. பேச்சு தெளிவாக இருக்கிறது. 1995இல் ராப்டர்ஸ் அணி தொடங்கிய நாளில் இருந்து பார்க்கிறவர்.

விட்டுப்போனவர்களை எல்லாம் அவர் வலது கை விரல்களில் எண்ணுவார். 2000இல் மெக்ரேடி, 2004இல் வின்ஸ் கார்ட்டர், 2010இல் கிறிஸ் போஷ். போன வருடம் ஜூலையில் டெரோசனை நாங்களே அனுப்பினோம். ஒன்பது பருவங்கள் இந்த ஊரை விட்டுப் போகாமல் விளையாடிய பிள்ளை. அவரைக் கொடுத்துத்தான் கவாயை வாங்கினோம் என்பதை ஐயா இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு விரலையும் மடக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஊர்ச் சனத்துக்கு நல்ல ஆட்டக்காரர்கள் நிலைக்க மாட்டார்கள் என்ற பயம் அப்படி வந்தது. அந்தப் பயத்தைத்தான் நீங்கள் இந்த நான்கு நாட்களாகத் தட்டித் தட்டி எழுப்புகிறீர்கள்.

செவ்வாய் இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

ஐயாவிடம் சிவப்பு ஜெர்சி ஒன்று இருக்கிறது. இலக்கம் 2. அவருடைய மகள் வாங்கிக் கொடுத்தது. அலுமாரிக் கைப்பிடியில் தொங்கும். அன்று இரவு ஒன்றரை மணியிருக்கும், அவருடைய அறை மணி அடித்தது. ஓடிப் போனேன். தொலைக்காட்சியின் அடியில் சிவப்புப் பட்டி ஓடுகிறது. கவாய் இங்கேயே இருப்பது தொண்ணூற்றொன்பது வீதம் உறுதி என்று யாரோ சொன்னாராம். ஐயாவின் கண்ணில் தண்ணீர். ஜெர்சியைப் போட்டுவிடச் சொன்னார்.

வழங்காத கையை ஒரு சட்டைக்குள் விடுவது எவ்வளவு பாடு என்று எங்களைப் போல வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். முதலில் அந்தக் கையைத்தான் விட வேண்டும். விரல்கள் மடங்கி இருக்கும், ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். தோள் நோகாமல் மெல்லத் தூக்கி, தலையை விட்டு, பிறகு நல்ல கை, பிறகு முதுகுப் பக்கத்தை இழுத்து விடுவது. கையில்லாத ஜெர்சிக்கே பத்து நிமிடம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை நோகுது என்று முனகினார். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. போட்டு முடிந்ததும் கட்டிலை நிமிர்த்தி உட்கார வைத்தேன். விடிந்ததும் மகளுக்கு போன் எடுத்துத் தரச் சொன்னார்.

இரண்டேகால் மணிக்கு மறுபடி மணி. அதே தொலைக்காட்சியில் அதே சிவப்புப் பட்டி. இப்போது அவர் லேக்கர்ஸுக்குப் போகலாம் என்று வட்டாரங்கள் தெரிவிக்கின்றனவாம். ஐயா ஒன்றும் பேசவில்லை. கழற்றிவிடு என்று கையால் காட்டினார். மறுபடி பத்து நிமிடம். மறுபடி அதே நோவு.

அன்றிரவு அவர் நித்திரை கொள்ளவில்லை. நேற்றிரவு நான் போனபோது மறுபடியும் ஜெர்சி போட்டிருந்தார். பகல் வேலைக்காரியிடம் கேட்டுப் போட்டிருக்கிறார். இரவுச் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் இருந்தது. நீங்கள் காட்டிய வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

தொலைக்காட்சியை நிற்பாட்டலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "நான் கண்ணை மூடின நேரம் சொல்லிவிட்டால்?" என்றார். ரிமோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிற மனிதரிடம் இருந்து அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர்களே, தொழிலில் இருக்கும் உங்களுக்கு ஒரு விஷயம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஜூலை 6 நண்பகல் வரை கவாய் எந்த அணியோடும் கையெழுத்துப் போட முடியாது. கூடைப்பந்துச் சங்கத்தின் (NBA) விதி அது. அதுவரை வெளியே வருவது எல்லாம் பேச்சு. அவராகவோ அவருடைய ஆட்களோ வாய் திறந்தால் அது செய்தி. அவர்கள் வாய் திறக்காதபோது "உறுதி", "கிட்டத்தட்ட முடிந்தது", "தொண்ணூற்றொன்பது வீதம்" என்றெல்லாம் எப்படிச் சொல்கிறீர்கள்? மிச்சம் ஒரு வீதத்தை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

தமிழ் ஊடகங்களில் இருக்கும் தம்பிமார், தங்கைமாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் "இருக்கலாம்" என்று வருவது உங்கள் கைக்கு வந்ததும் "இருக்கிறார்" ஆகிவிடுகிறது. "கூறப்படுகிறது" என்ற ஒரு சொல்லை நேரம் மிச்சப்படுத்த விட்டுவிடுகிறீர்கள். திங்கட்கிழமை காரில் வரும்போது, கவாய் ராப்டர்ஸுடன் இணைந்துவிட்டார் என்று ஒரு வானொலியில் கேட்டு என் மகன் கைதட்டிச் சத்தம் போட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு அவன் தமிழ் வானொலியை நம்புவதில்லை. அவன் தமிழ் கேட்கிறதே அந்தக் காரில் மட்டும்தான். உங்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம், எனக்கு இல்லை.

கவாய் போனாலும் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே ஐந்து வருடத்துக்கு 190 மில்லியன் டொலர் தரலாம், வேறு அணிகளால் நான்கு வருடத்துக்கு 141 மில்லியன்தான் தர முடியும் என்கிறார்கள். அவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஒருவர் யோசிக்கிறார் என்றால் அது காசுக்காக இல்லை. அவர் பிறந்து வளர்ந்தது தெற்குக் கலிபோர்னியாவில். ஊருக்குத் திரும்பிப் போக ஆசைப்படுகிறவரைப் பிழை சொல்ல எங்களுக்கு வாய் வராது. நாங்கள் ஊரை விட்டு வந்த சனம். திரும்பிப் போகும் வழி இருந்தால் எங்களில் எத்தனை பேர் போயிருப்போம்.

அந்த மனிதர் எங்களுக்குத் தந்தது போதும். மே 12 இரவு நினைவிருக்கிறதா? பிலடெல்பியா அணியோடு ஏழாவது ஆட்டம். கடைசி நொடியில் மூலையில் இருந்து எதிரணி எம்பீட்டின் கைக்கு மேலால் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை தட்டி விழுந்தது. 92க்கு 90. அந்த நான்கு தட்டும் எங்கள் வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. அன்று அன்னையர் தினம். மகன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அவன் என்னைக் கட்டிப்பிடித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

அன்னையர் தினம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2009 மே 10, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அன்னையர் தினம். வன்னியில் எங்கள் சனம் சாகச் சாக, நாங்கள் ஆயிரக்கணக்கில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தோம். இதே மகன் நாலு வயது, தள்ளுவண்டியில் இருந்தான். கவாய் அந்தப் பந்தைப் போட்ட அரங்கு அந்தச் சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கும் எங்கள் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் நின்றது. அதற்குள் இருந்தவர்கள் தெருவை வடிவாகக் காட்டினார்கள். எத்தனை கார் நிற்கிறது, எவ்வளவு நேரம் பிந்தும் என்று சொன்னார்கள். கீழே இறங்கி, ஏனம்மா குழந்தையோடு இங்கே இருக்கிறாய் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்காமலே சொல்லத் தயாராக இருந்தேன். வன்னியில் இருந்த என் பெரியம்மாவிடம் இருந்து செய்தி வந்து ஒரு மாதமாகியிருந்தது.

ஒரு விளையாட்டையும் அந்த நாளையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. வைக்கவும் கூடாது. ஆனால் மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குக் கீழே இருக்கிற ஆளின் முகம் தெரியாது என்பதை நான் முதலில் அறிந்தது அன்றைக்குத்தான். நேற்று அந்தக் கருப்பு வாகனங்களுக்கு மேல் சத்தத்தைக் கேட்டதும் என் வயிற்றுக்குள் ஏதோ செய்தது.

சரி. நான் சண்டை பிடிக்க வரவில்லை. போன மாதம் நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. ஜூன் 13 இரவு ஓக்லாண்டில் கோல்டன் ஸ்டேட் அணியை வென்று சம்பியன் ஆனதும் இந்த ஊரின் தெருக்களை நீங்கள் காட்டிய விதம் அழகு. 17ஆம் தேதி ஊர்வலத்துக்கு நானும் மகனும் வந்தோம். பத்து லட்சத்துக்கும் மேல் சனம். நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேர் காயப்பட்டபோது எங்கே போவது என்று தெரியாமல் நின்றோம். அப்போது வதந்தியைத் தள்ளி வைத்து, தெரிந்ததை மட்டும் நிதானமாகச் சொன்ன ஒரு வானொலிக் குரல்தான் எங்களை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. உங்களால் அது முடியும். நான் அதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

அதே மாதிரி இப்போதும் செய்யுங்கள் என்று தயவாகக் கேட்கிறேன். ஹெலிகாப்டரைத் திருப்பி அழையுங்கள். அந்த மனிதர் தன் குடும்பத்தோடு இருந்து யோசிக்க அவருக்கு ஒரு கதவு மூடியிருக்கட்டும். புதிதாக ஒன்றும் இல்லை என்றால், புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். அதற்காக உங்களை ஒருவரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். சிவப்புப் பட்டியை அவர் முடிவு சொல்லும் நாளுக்கு வைத்திருங்கள். சொன்ன பிறகு, நல்லதோ கெட்டதோ, ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். போகிறார் என்றாலும் சொல்லுங்கள். ஐயா தாங்குவார். கார்ட்டர் போனதைத் தாங்கியவர், போஷ் போனதைத் தாங்கியவர். இரவில் இரண்டு முறை சந்தோஷப்பட்டு இரண்டு முறை ஏமாறுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இன்றிரவு பதினொரு மணிக்கு எனக்கு வேலை. ஜெர்சியை இன்று காலை வீட்டுக்குக் கொண்டுவந்து தோய்த்துக் காயவைத்திருக்கிறேன், சாப்பாடு சிந்தியிருந்தது. எடுத்துக்கொண்டு போய் அதே கைப்பிடியில் தொங்கவிடுவேன். ஐயா என்னைக் கண்டதும், "ஏதாவது தெரியுமா?" என்று கேட்பார். நான் உங்கள் செய்தியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நன்றியுடன்,
ஸ்காபரோவில் இருந்து ஒரு பராமரிப்புப் பணியாளர்