ஸ்கெலிக் மைக்கேல் படங்கள் கிடைத்தன

அன்பு மகளுக்கு,

அயர்லாந்துக்கு அப்பால் அட்லாண்டிக்கில் இருக்கும் ஸ்கெலிக் மைக்கேல் பாறைத் தீவில் நீ எடுத்து அனுப்பின படங்கள் கிடைத்தன. அம்மா அந்தச் சிவப்பு மூக்குப் பஃபின் பறவையையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். நான் அங்கே துறவிகள் கட்டின கல் குடில்களின் சுவரைப் பார்த்தேன். நாற்பது வருஷம் கரணை பிடித்தவன் வேறு எதைப் பார்ப்பான்?

போன வருஷம் நான் வந்திருந்தபோது, அலை அதிகம் என்று போர்ட்மகீ துறைமுகத்தில் படகை நிறுத்திவிட்டார்கள். தீவு கரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்பினோம். 600 படிக்கு மேல் ஏறினேன் என்று நீ எழுதியதைப் படித்ததும், என் முட்டிவலிக்கு அன்று படகு போகாததும் நல்லதுதான் என்று தோன்றியது.

சரி, சுவருக்கு வருகிறேன். தேன்கூடு மாதிரி நிற்கும் அந்த ஆறு குடில்களிலும் சாந்தே கிடையாது. ஒவ்வொரு வரிக் கல்லையும் கீழ்வரியைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, சுற்றைச் சிறுக்கவைத்து உச்சியில் மூடியிருக்கிறார்கள். வெளியே வட்டம், உள்ளே செவ்வகம். மூலைக்கு மூலை சுவரின் கனம் மாறுமே, அதை எப்படிச் சமாளித்தார்களோ! ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அட்லாண்டிக் காற்றைத் தாங்கி நிற்கிறது. நான் போட்ட நம் வீட்டு மொட்டைமாடி பத்தாவது வருஷமே ஒழுகியது, உனக்குத் தெரியும்.

"அந்தப் பாறையில் போய் எதற்கு இருந்தார்கள்?" என்று கேட்டிருந்தாய். நம் வனத்து அந்தோணியார் எகிப்துப் பாலைவனத்துக்குப் போனார் இல்லையா, அந்த வழியில் வந்தவர்கள்தான். அயர்லாந்தில் மணலுக்கு எங்கே போவது? கடலையே வனமாக்கிக்கொண்டார்கள். துறவிகள் ஒதுங்கும் இடத்துக்கு ஐரிஷில் உள்ள சொல்லே, பாலைவனத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். 8-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே துறவிகள் இருந்தார்கள். மழைநீரைத் தொட்டியில் பிடித்து, மீனும் பறவை முட்டையும் தின்று வாழ்ந்திருக்கிறார்கள். அந்தத் தனிமையும் போதாமல் தெற்கு உச்சியில் தனியாக ஓர் இடம் வேறு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. 824 வாக்கில் வைக்கிங் கொள்ளையர் எட்கல் என்ற துறவியைத் தூக்கிப்போனார்கள், பட்டினியிலேயே செத்துப்போனார். அதற்கப்புறமும் சில நூறு வருஷம் இருந்துவிட்டுத்தான் துறவிகள் கரைக்குப் போனார்கள். கடைசியாக இருந்த கலங்கரை விளக்கக்காரர்களும், 1987-ல் விளக்கு தானியங்கி ஆனதும் கிளம்பிவிட்டார்கள். இப்போது பறவைகள்தான்.

மறுபடி போனால் குடிலுக்குள் நின்று நேர்மேலே பார்த்து ஒரு படம் எடு. கடைசி மூடுகல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பறவைப் படம் அம்மாவுக்குத் தனியாக அனுப்பு.

அப்பா