எரிப்பதற்கு முன், அடுக்குவதற்கு முன்

கவிதையும் கட்டுரையும் எழுதி மறைந்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் காகிதங்கள் யார் பொறுப்பில் வந்திருக்கின்றனவோ, அந்தக் குடும்பத்தாருக்கும், துறவற இல்லத் தலைவியருக்கும், மறைமாவட்டக் காப்பகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். கைப்பிரதிகளைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவர்கள் எழுதுகிறோம்.

குருவானவர் மந்திரித்த, அதாவது ஆசீர்வதித்த, பக்திப் பொருள் பழசாகிக் கிழிந்தால் குப்பையில் எறியாமல் எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும் என்பது நல்ல மரபுதான். ஆனால் வீட்டைக் காலி செய்கிற நாளில் இந்த மரபே எழுத்தாளரின் காகிதங்களில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. கவிதையின் முதல் இரண்டு வரி ஜெபப் புத்தகத்தின் ஓரத்திலோ, இறந்தோர் நினைவு அட்டையின் பின்புறத்திலோ கிடக்கும். வீட்டாருக்கு அது வெறும் பக்திப் பொருள். ஆகவே ஒவ்வொரு ஏட்டையும் புரட்டிப் பார்க்காமல் எதையும் நெருப்பில் போடாதீர்கள். புனிதர் படம் எந்தப் பக்கத்தில் செருகியிருந்தது என்பதும் ஒரு செய்திதான். படத்தை எடுத்தால் பக்க எண்ணை எழுதிய துண்டுச் சீட்டை அங்கே வையுங்கள். சில படங்களில் திருப்பண்டமாக, அதாவது புனிதரோடு தொடர்புடைய நினைவுப் பொருளாக, துணித்துண்டு ஒட்டியிருக்கும். திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டம் 1190 தடை செய்கிறது. மொத்தமாக விலைபேசும் முன் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, அடுக்காதீர்கள். கவிதைகள் ஒரு பக்கம், கட்டுரைகள் ஒரு பக்கம், கடிதங்களைத் தேதிவாரியாக என்று அன்போடு பிரித்து வைப்பவர்கள்தான் அதிகச் சேதம் செய்கிறார்கள். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் (அவர் கத்தோலிக்கர் அல்லர், ஆனாலும் பாடம் ஒன்றே) தம் கவிதைகளைத் தாமே 40 சிறு ஏடுகளாகத் தைத்து வைத்திருந்தார். அவர் இறந்தபின் பதிப்புக்காகத் தையலைப் பிரித்ததில் வரிசை குலைந்தது. ஊசித்துளைகளையும் தாளில் படிந்த கறைகளையும் ஒப்பிட்டு அந்த வரிசையை மீட்ட பதிப்பு 1981இல்தான் வந்தது. எனவே பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை கைப்பேசியில் படமெடுப்பது: மேசை இழுப்பறை, அலமாரித் தட்டு, கட்டு கட்டியிருந்த விதம். பிறகு 2பி பென்சிலால் ‘பெட்டி 1, மேலிருந்து 3ஆம் கட்டு’ என்று உறையின் மேல் எழுதுங்கள். பேனா வேண்டாம். கடித உறைகளையும் வீசாதீர்கள். தேதியிடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி.

பொருளைக் கெடுப்பவை பெரும்பாலும் நாம் ஒட்டியவையும் குத்தியவையுமே. ரப்பர் பேண்ட் இறுகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். குண்டூசி துருப்பிடித்துத் துளைக்கும். துருவோடு ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், அப்படியே விட்டுத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் போட்டால் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷன் திரும்பப் பெற முடியாத தவறு. கட்டுரையாளர்கள் செய்தித்தாள் நறுக்குகளைக் குவித்து வைப்பார்கள். அவற்றின் அமிலம் பக்கத்துத் தாளைப் பழுப்பாக்கும், இடையில் அமிலமற்ற தாள் போடுங்கள். ஓர் உறையில் 30 தாள் போதும். வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காடு என்பது நல்ல அளவு. அதை எட்ட முடியாவிட்டால் ஏறி இறங்காமலாவது பாருங்கள். பரணும் நிலவறையும் ஆகாது. ஸ்கேன் செய்வதென்றால் 400 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 படப்புள்ளி), டிஃப் (TIFF) வகைப் படக்கோப்பு. வெற்றுப் பின்பக்கத்தையும் சேர்த்து.

பெட்டியில் இருக்கும் கடிதங்கள் பிறர் எழுத்தாளருக்கு எழுதியவை. அவர் எழுதியவை பிறர் வீடுகளில் கிடக்கின்றன. கத்தோலிக்கக் கவிஞரும் கட்டுரையாளருமான லூயிஸ் இமோஜென் கைனி 1920இல் இறந்தார். அவருடைய கடிதங்கள் 1926இலேயே இரு தொகுதிகளாக வந்தன. பெற்றவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நீங்களும் இந்த மாதமே முகவரிக் குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்குங்கள், நகல் கிடைத்தால்கூடப் போதும்.

இனி, எல்லோரும் தயங்குகிற பகுதி: தியானக் குறிப்பேடுகள், ஒப்புரவுக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) ஆயத்தமாக எழுதிய பட்டியல், ஆன்ம வழிகாட்டியின் கடிதங்கள். ஒப்புரவு இரகசியத்தின் முத்திரை குருவைத்தான் கட்டுகிறது. எழுத்தாளர் தாமே எழுதி வைத்த தாளை அழித்தாக வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. பிரெஞ்சுத் துறவியும் புனிதருமான குழந்தை இயேசுவின் தெரேசாவின் குறிப்பேடுகளை அக்காளே திருத்தினார். திருத்திய நூல் 1898இல் வந்தது. தெரேசா எழுதியபடியே கைப்பிரதியைக் காண உலகம் 1956 வரை காத்திருந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அன்புதான் காரணம். கூசும் பக்கங்களைக் கிழிக்காதீர்கள், மை பூசாதீர்கள். தனி உறையில் இட்டு முத்திரையிடுங்கள். உறையின் மேல் எதுவரை மூடியிருக்க வேண்டும், அதற்குள் யார் திறக்கலாம் என்று எழுதுங்கள். ‘எப்போதும் திறக்கக் கூடாது’ என்ற நிபந்தனையை நல்ல காப்பகம் ஏற்காது. திட்டமான ஆண்டு ஒன்றைக் குறியுங்கள்.

காகிதங்களைக் காப்பகத்துக்குக் கொடுக்கும்போது எழுதும் ஒப்படைப்புப் பத்திரத்தில் தாளின் உடைமை வேறு, பதிப்புரிமை வேறு என்று இரண்டு வரி தனித்தனியே இருக்கட்டும். பிறர் எழுதிய கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுக்கோ உரியது, அதை நீங்கள் எழுதிக்கொடுக்க முடியாது. காப்பகம் வேண்டாமென ஒதுக்குபவை திரும்பி வருமா, அழிக்கப்படுமா என்பதையும் கையெழுத்திடும் முன் கேட்டு அதே பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்.