நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு

அன்புள்ள ஆயாமார்களுக்கும் தாத்தாமார்களுக்கும், பெற்றோருக்கும், சமையல் கூடத்து அம்மாமார்களுக்கும், கோவில் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக் கடைசி ரிப்போர்ட் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் பள்ளியின் இடைநிலைப் பிரிவு ஆசிரியர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்திலும் சூலுவிலும் எழுதிய நன்றிக் கடிதங்கள் பள்ளிக் கேட்டில் ஒட்டியிருக்கின்றன. ஆனால் இந்த ஆண்டு கைகொடுத்தவர்களில் பலர் கோவில் மண்டபத்துச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்போடு தொடர்புள்ள குடும்பங்கள். “என் பேரப்பிள்ளை அந்தப் பள்ளியில இல்லையே, நான் வரலாமா டீச்சர்?” என்று தயங்கிக் கேட்டுவிட்டு, பிறகு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தமிழில் நன்றி சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு இன மக்களையும் தனித்தனிப் பகுதிகளில் குடியமர்த்திய சட்டத்தின் கீழ், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இந்தியர்களுக்கென்று அரசு கட்டிய ஊர் சாட்ஸ்வொர்த். இன்று எங்கள் வகுப்பில் தமிழ், தெலுங்கு, இந்தி, உருது வழிவந்த பிள்ளைகளோடு, வெல்பெடாக்டிலிருந்தும் பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்தும் வரும் சூலு பிள்ளைகளும், காங்கோவிலிருந்து வந்து ஸ்வாஹிலி பேசும் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். மூன்றாம் வகுப்பு வரை சூலுவில் படித்துவிட்டு நான்காம் வகுப்பில் எங்களிடம் வந்து சேருகிறவர்கள் நிறைய. எங்கள் பள்ளியிலோ ஆங்கிலம்தான் ‘வீட்டுமொழி’ப் பாடம். வீட்டில் யாரும் பேசாத மொழியை வீட்டுமொழியாகப் படித்து, அதில் 50 விழுக்காடு எடுத்தால்தான் அந்தப் பிள்ளைக்குத் தேர்ச்சி. எடுக்காவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு ஆண்டு. நான்கு முதல் ஆறு வரையிலான கட்டத்தில் ஒருமுறைதான் அப்படி நிறுத்திவைக்கலாம் என்பதால், அடுத்த முறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பிள்ளை மேலே போய்விடும்.

2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், இந்த நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் பொருள் புரிந்து வாசிக்க முடியவில்லை என்று தெரிந்தது. அதற்கு முந்தைய 2016 தேர்வில் அது 78. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பிள்ளைகள் வந்ததும் பழைய காயத்தை இன்னும் ஆழமாக்கிவிட்டன. இந்தக் கணக்கை எல்லாரும் படித்தோம், வருத்தப்பட்டோம். ஆனால் எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பதை அந்த எண்ணோ எங்கள் மதிப்பெண் பட்டியலோ சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள் நீங்கள்தான்.

முதல் பருவத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவெடுத்தோம். வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள் இருக்கும்போது ஒரு ஆசிரியரால் ஆகிற காரியமா அது? பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காலைச் சாப்பாடு பத்து மணிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வந்தீர்கள். கடை அடைத்துவிட்டு ஒருவர் வந்தார். ஆங்கிலம் சரளமாக வராத ஆயா ஒருவரும் வந்தார். எங்கள் கண்ணைத் திறந்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர் பிள்ளை வாசிப்பதை முழுக்கக் கேட்பார், திருத்த மாட்டார். முடிந்ததும் ஒரே கேள்வி: “இந்தக் கதையில உனக்கு யார் மேல கோபம் வருது?” தடதடவென்று வாசித்த பிள்ளைகள் பலர் அங்கே வாயடைத்துப் போனார்கள். அவர்களில் வீட்டில் ஆங்கிலமே பேசும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். நன்றாக வாசிக்கிறவர்கள் என்று நாங்கள் கவலைப்படாமல் விட்டிருந்தவர்கள் அவர்கள். திக்கித் திக்கி வாசித்த ஒரு சூலுப் பெண் குழந்தையோ, கிழவியை ஏமாற்றிய முயல் மேல்தான் கோபம் என்று சொல்லி, காரணமும் சொன்னாள். அன்றிலிருந்து சரளமும் புரிதலும் எங்கள் பதிவேட்டில் தனித்தனிக் கட்டங்கள் ஆயின.

சமையல் கூடத்துக் கோகோவுக்கு நான் பட்ட கடன் பெரிது. சூலு பிள்ளைகள் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஒருநாள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். ஒரு கடையில் 48 ரொட்டி, இன்னொரு கடையில் 29, முதல் கடையில் எத்தனை அதிகம்? அவன் 77 என்று எழுதியிருந்தான். கழித்தல் தெரியாத பையன் என்று நான் குறித்துக்கொண்டிருந்தபோது, தட்டு எடுக்க வந்த கோகோ என்ன கணக்கு என்று விசாரித்தார். தெருமுனையில் வீட்டோடு இருக்கும் சின்னப் பெட்டிக்கடையான ஸ்பாசா கடைக் கதையாக அதைச் சூலுவில் அவனிடம் சொன்னார். அவன் விரலை மடக்கி நீட்டி, 19 என்றான். நான் எழுதியதை அடித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு சொற்கணக்கையும் பிள்ளையின் தாய்மொழியில் ஒருமுறை வாயால் கேட்டுப் பார்த்தோம். கணக்கே தெரியாதவர்கள் ஒரு குழு, கேள்வியின் ஆங்கிலம் புரியாதவர்கள் இன்னொரு குழு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஸ்வாஹிலி பேசும் பிள்ளைகளுக்காக வேலைக்குப் போகும் வழியில் வந்து உட்கார்ந்த காங்கோ அப்பாவுக்கும் இங்கே என் வணக்கம்.

இரண்டாம் பருவத்திலிருந்து தினமும் ஒரு மணி நேரம் வகுப்புச் சுவரைத் தள்ளிவைத்து, வாசிப்பு நிலைப்படி மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து உட்காரவைத்தோம். ஆறாம் வகுப்புப் பையன் நான்காம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார வெட்கப்படுவானே என்று பயந்தோம். ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மத்தியானம் இன்னொரு பள்ளி என்று நடந்த பிளாட்டூன் முறையில் மத்தியானப் பள்ளி படித்து வளர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தாத்தா ஒருவர்தான் வழி சொன்னார்: பெரியவனைச் சின்னவனுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவதற்கு முன் வீட்டில் அவனே மூன்று முறை வாசித்துப் பார்ப்பான். அப்படியே நடந்தது.

அந்தத் தாத்தாவின் தலைமுறைக்கு இது புதிதல்ல. அரசு ஒரு பவுண்டு தர வேண்டுமானால் ஊர் ஒரு பவுண்டு சேர்க்க வேண்டும் என்ற காலத்தில், கரும்புத் தோட்டத்துக் கூலியில் மிச்சம்பிடித்துப் பள்ளிக்கூடம் எழுப்பிய மக்கள் நம்மவர்கள். அந்தப் பழக்கம் இன்று வெல்பெடாக்ட் பிள்ளைக்கும் போய்ச் சேருவது எனக்குப் பெரிய நிம்மதி.

பெற்றோர் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிய நிர்வாகக் குழுவுக்கும், கூட்டத்தில் சூலுவில் பேச ஏற்பாடு செய்தவர்களுக்கும், மழையில் தெரு வழுக்கும் நாட்களில் பிள்ளைகளைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்ட டாக்ஸி ஓட்டுநருக்கும் நன்றி. துணைமொழியாக ஆப்பிரிக்கான்ஸ் மட்டுமே இருந்த இடத்தில் சூலுவையும் வைக்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது இந்த ஆண்டின் மிக நல்ல செய்தி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பதில் எழுதாமல் வெறுமனே விட்ட பக்கங்கள் இந்த முறை வெகுவாகக் குறைந்திருக்கின்றன. படித்ததைப் பற்றிப் பிள்ளைகள் வாய் திறந்து பேசுகிறார்கள். பின்னக் கணக்கு இன்னும் எங்களைப் படுத்துகிறது. அடிக்கடி வீடு மாறும் சில பிள்ளைகளை எங்களால் முழுதாக எட்ட முடியவில்லை. அவர்களுடைய பதிவேட்டை அவர்கள் சேரும் அடுத்த பள்ளிக்கே அனுப்பிவைக்கிறோம்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் வராந்தா நாற்காலிகள் மறுபடி வெளியே வரும். பழையவர்கள் நேரே வந்துவிடுங்கள், உங்கள் பிள்ளைகள் உங்களைத்தான் முதலில் தேடுவார்கள். புதிதாக வர நினைப்பவர்கள் ஆபீஸில் பெயர் கொடுத்தால் போதும். பின்னம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

அன்புடனும் நன்றியுடனும்,
இடைநிலைப் பிரிவு ஆசிரியை, சாட்ஸ்வொர்த்