'குடும்பத்தாருக்கும்' என்று மட்டும் எழுதியதற்காக

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும், அம்மாவுக்கும், பால்வாடி டீச்சருக்கும், எதிர் வீட்டு அக்காவுக்கும், என்னை அக்கா என்று அழைத்த வகுப்புத் தோழிகளுக்கும், காலை 7.50 பஸ்ஸின் நடத்துநர் அண்ணனுக்கும்,

பி.எட். முடிக்கும்போது, வகுப்பறைச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து எழுதும் செயலாய்வு அறிக்கை ஒன்றை அச்சிட்டு, கட்டுப்போட்டுக் கொடுத்தோம். அதன் முதல் பக்கம் நன்றியுரை. அதற்கென்று ஒரு வாய்பாடு உண்டு. தாளாளர், முதல்வர், வழிகாட்டிப் பேராசிரியர், பயிற்சி பெற்ற பள்ளியின் தலைமையாசிரியர், தட்டச்சு செய்து கொடுத்த கடைக்காரர் என்று ஆளுக்கொரு பத்தி. கடைசியில், 'மற்றும் என் குடும்பத்தாருக்கும்.' முந்தைய ஆண்டு படித்தவர் எழுதியதைப் பார்த்து நானும் அப்படியே எழுதினேன். பஸ்ஸில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தபோதுதான் உறுத்தியது. கடைக்காரருக்கு மூன்று வரி. அத்தைக்கு ஒரு சொல்லில் ஒரு பங்கு. அதைத் திருத்தத்தான் இந்த மடல்.

பி.எஸ்சி. கணிதம் முடித்து, கல்யாணமாகி, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வந்து குடியேறி, எட்டு ஆண்டுகள் மளிகைக் கணக்கைத் தவிர வேறு கணக்கு நான் போட்டதில்லை. 2021 இறுதியில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் எழுத்து மறந்துபோன பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலர்களைக் கேட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய். "நம் திண்ணை சும்மாதானே கிடக்கிறது" என்று சொல்லி என் பெயரைக் கொடுக்க வைத்தவர் அத்தை. அந்த ஆயிரத்தை வீட்டுச் செலவுக்குத் தொடவிடாமல் தபால் அலுவலகத்தில் போட வைத்தவரும் அவர்தான். மகன் அப்போது தவழும் குழந்தை. பிள்ளைகளின் சாக்பீஸைத் தின்ன வருவான். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அத்தை அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுக்கும் வாய்பாட்டைப் பின்னால் நின்று முணுமுணுப்பார்.

2023இல் பி.எட். சேர்ந்தபோது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு இரண்டரை. "இனிமேல் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டவர்களுக்கும் ஒரு நன்றி உண்டு. அவர்கள் பெயரை எழுதினால் மடல் நீண்டுவிடும்.

பால்வாடி டீச்சரே, ஆயா அம்மாவே, உங்கள் இருவரையும் நம்பித்தான் என் முதல் ஆண்டு ஓடியது. சேர்த்த புதிதில் அவன் அழுத அழுகையில் நானும் வாசலிலேயே நின்றிருந்தேன். "நீ நின்றால் அவன் நிறுத்த மாட்டான், போ" என்று நீங்கள் அதட்டியது அன்றைக்குக் கொடுமையாக இருந்தது. அன்று பிற்பகல் வகுப்பில் குழந்தைகளின் பிரிவுத்துயர் பற்றிய பாடம். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை. மாலையில் வந்து பார்த்தால் அவன் முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன், எதிரே மாணவர்களாக நடிக்கும் சக மாணவிகள். வீட்டில் எனக்கு அந்த மாணவி என் மகள். பதில் சொல்பவரைப் பாராட்டி ஊக்குவிக்கும் 'வலுவூட்டும் திறன்' பயிற்சியின்போது, "அம்மா, 'மிக நன்று' என்று நாலு முறை சொல்லிவிட்டாய், நான் இன்னும் பதிலே சொல்லவில்லை" என்றாள். பேராசிரியர் பிறகு சொன்ன குறையும் அதுவே. இருபத்திரண்டு வயதுத் தோழிகளே, நான் வராத நாள்களின் பாடத்தை நீங்கள் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பினீர்கள். இட்லி மாவு அரைக்கும் சத்தத்துக்கு நடுவே அவற்றைக் கேட்டேன். குழந்தையின் அறிவு வளர்ச்சிக்குப் பியாஜே சொன்ன நாலு நிலைகளும் இன்றைக்கும் எனக்கு கிரைண்டர் ஓசையோடுதான் நினைவுக்கு வருகின்றன.

மாமா கொத்தனார். என் சார்ட்டுகள் பஸ்ஸில் கசங்காமலிருக்க ஒரு பிவிசி குழாயை அளவாக வெட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்டுக் கொடுத்தார். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டுப் பள்ளிப் பயிற்சியில் ஏழாம் வகுப்புக்கு எதிர் விகிதம் நடத்த வேண்டும். '5 கொத்தனார்கள் ஒரு சுவரை 12 நாள்களில் கட்டினால், 10 கொத்தனார்கள் எத்தனை நாள்களில் கட்டுவார்கள்?' என்று பாடத்திட்டத்தில் எழுதி, பெருமையாக அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆறு நாள் என்றேன்.

"முடியாது" என்றார். "ஒரே சாரத்தில் பத்துப் பேர் ஏறினால் சாரம் தாங்குமா? சித்தாள் எத்தனை பேர்? பச்சைச் சுவரை ஒரே நாளில் நாலைந்து அடிக்கு மேல் ஏற்றினால் கீழ் வரிசை என்ன ஆகும்?" இது கணக்குக்காகச் சொல்வது மாமா என்றேன். "கணக்கென்றால் பொய் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "வாய்க்காலில் மண் வெட்டுகிற வேலை என்று மாற்று. நீள வாக்கில் ஆள் கூடக் கூட நாள் குறையும்."

இரண்டையும் வகுப்பில் சொன்னேன். எந்தக் கணக்கு சரி, எது ஏன் சரியில்லை என்று கேட்டேன். கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அந்த வகுப்பில் பாதிப் பேர். மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. வழிகாட்டி ஆசிரியர் குறிப்பேட்டில் 'எடுத்துக்காட்டு மிகச் சிறப்பு' என்று எழுதினார். அதை மாமா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெற்றிலைப் பெட்டியைத் தேடினார்.

நடுவில் மகனுக்கு அம்மை போட்டது. பள்ளிப் பயிற்சி பதினாறு வாரம்; 90 விழுக்காடு வருகை வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் எண்பது நாள், அதில் எட்டு நாள்தான் விடுப்பு. ஆறு போய்விட்டது. அறந்தாங்கியிலிருந்து அம்மா ஒரு பையோடு வந்து இறங்கி, "நீ போ, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை நான் இருக்கிறேன்" என்றார். தோல்விக்கும் எனக்கும் இடையில் இரண்டு நாளும் அம்மாவும்தான் இருந்தார்கள்.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று எழுதினால் அத்தையே சிரிப்பார். ஓர் இரவு காய்ச்சலில் புரண்ட மகன் என்னிடம் வர மறுத்து, அத்தையை அம்மா என்று அழைத்தான். கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கையில் என் பதிவேடு இருந்தது. "நாளைக்குக் கையெழுத்து வாங்க வேண்டுமென்றாயே, எழுது. அவன் காலையில் உன்னைத்தான் தேடுவான்" என்றார். காலையில் அவன் என்னைத் தேடவில்லை, பிஸ்கட்டைத் தேடினான். ஆனாலும் பதிவேடு முடிந்திருந்தது.

கணவரைப் பற்றி எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒன்று மட்டும் எழுதுகிறேன். தேங்காய் லோடு இறக்கிவிட்டு வந்து, வாரம் தவறாமல் என் சீருடைப் புடவைக்குக் கஞ்சி போட்டு, தெருவே பார்க்க மொட்டைமாடிக் கொடியில் உதறிக் காயப்போட்டவர் அவர்.

நடத்துநர் அண்ணா, நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; அதனால் உங்களுக்கு நான் எதுவும் கொடுத்ததில்லை. அந்த நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் ஓடிவரும்போது விசில் ஊதாமல் காத்திருந்தீர்கள். "பீரங்கி டீச்சர் வருகிறார்" என்று ஓட்டுநரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. மன்னித்தேன்.

இனி ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. 150 வினா, மூன்று மணி நேரம். ஆகவே உங்களில் யாரையும் நான் இன்னும் விடுவிக்கவில்லை.

எதிர் வீட்டு அக்கா, கடைசித் தேர்வன்று நீங்கள் வத்தக்குழம்பு கொடுத்தனுப்பிய தூக்குவாளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மறக்கவில்லை. வெறும் வாளியாகத் திருப்பித் தரக் கூடாது என்பதால்தான் தாமதம். ஞாயிற்றுக்கிழமை அதிரசம் சுடுகிறோம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பீரங்கி டீச்சர்