ஒரே ஏரிக்கு நான்கு முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏரியைக் காட்டுவதென்றால், ஆண்டுக்கு ஒருமுறை வேடந்தாங்கலுக்குப் பேருந்தில் அழைத்துப்போய், நாரைகளையும் கூழைக்கடாக்களையும் காட்டித் திரும்புவதே எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் வழக்கம். அது நல்லதுதான். ஆனால், பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்று கண்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவற்றைச் சுடக் கூடாதென ஆங்கிலேயக் கலெக்டரிடம் முறையிட்ட அவ்வூர் மக்களின் அறிவு, ஏரியோடு ஆண்டு முழுதும் பழகியதால் வந்தது. நம் பிள்ளைகளையும் பக்கத்து ஏரிக்கே, ஒரே இடத்துக்கு, ஆண்டில் நான்கு முறை அழைத்துச் செல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்போடு ஓராண்டு நான் இதைச் செய்தேன். ஜூலையில் வறண்ட உள்வாயை, அதாவது ஏரியில் நீர் நிற்கும் தரைப்பகுதியை, பார்த்துவிட்டு வந்தோம். பிறகு, கறுப்பும் வெள்ளையுமாகக் கால்பங்கு கால்பங்காகப் பெயின்ட் அடித்த எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி, மதகு மேடையிலிருந்து நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை முடிச்சிட்டுக் குறித்தோம். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் செய்து பார்த்த அதே முறை. நவம்பரில் வரத்துக்கால் வழியே புதுவெள்ளம் வந்துகொண்டிருந்தபோது தட்டு ஒரு சாணிலேயே மறைந்தது. ஜனவரியில் வண்டல் படிந்து நீர் தெளிந்தபின் மூன்று முழம் வரை தெரிந்தது. மார்ச்சில் பாசி பெருகி மறுபடியும் ஒரு முழமாகக் குறைந்தது.

கோரைகளுக்கிடையே, நீளக் கழியில் கட்டிய சல்லடையால் அள்ளியதை வெள்ளை எனாமல் தாம்பாளத்தில் கொட்டினோம். மண் உருண்டை என்று எல்லோரும் எண்ணிய ஒன்று, மடித்து வைத்திருந்த கீழுதட்டைக் கைபோல் சட்டென நீட்டித் தலைப்பிரட்டை ஒன்றைப் பற்றியது. தட்டான்பூச்சியின் இளம்பருவம் அது. உணவுச் சங்கிலி என்றால் புல், மான், புலி என்றே எழுதிவந்த பிள்ளைகள் தாம்பாளத்தைச் சுற்றிப் பேச்சற்று நின்றார்கள்.

ஊர்ச் சாக்கடை வந்து விழும் மூலையில் அள்ளிய சேற்றிலோ, இரத்தச் சிவப்பான புழுக்கள் மட்டுமே நெளிந்தன. கொசுவைப் போலிருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் புழுக்கள் அவை. நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் அவற்றின் உடலிலும் இருப்பதால்தான் ஆக்சிஜன் குறைந்த சேற்றில் தாக்குப்பிடிக்கின்றன. அன்று மாலையே மாணவிகள் சிலர், அந்தக் கால்வாய் எந்தெந்தத் தெருக்களிலிருந்து வருகிறதென்று நடந்துபோய்ப் பார்த்து வந்தார்கள்.

பெற்றோரின் அச்சம் நியாயமானது. மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. ஆகவே பிள்ளைகளை நீரில் இறக்கவே கூடாது. கரையிலும் மதகு மேடையிலும் மட்டும் நிறுத்தி, ஏரியை அறிந்த மீனவர் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாடம் முடியவில்லை என்ற காரணத்தால் மறு ஆண்டு எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. எனவே, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளின் அறிவியலுக்கு நான்கு அரைநாட்களைப் பள்ளிக் கல்வித்துறை ஆண்டுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டுகிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில், நடந்தே போகும் தூரத்தில் ஏரி உள்ள பள்ளிகளிலிருந்து இதை வரும் ஜூனிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
மதுராந்தகம்.